உயர் இரத்த அழுத்தமும் உணவும் இதயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதும் வீட்டில் முதலில் எழும் பேச்சு சாப்பாட்டைப் பற்றியதுதான். ஆனால் பலருக்குக் கிடைக்கும் ஆலோசனை “உப்பைக் குறையுங்கள்” என்ற ஒரே வரியோடு முடிந்துவிடுகிறது. எவ்வளவு குறைப்பது, எதிலிருந்து குறைப்பது, அந்த இடத்தில் எதைச் சேர்ப்பது, மாத்திரையோடு எப்படி ஒத்துப்போவது என்பதெல்லாம் சொல்லப்படாமலே போய்விடுகிறது. விடுபட்டுப்போகும் அந்தக் கேள்விகளையே இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. எண் மட்டும்தான் கூடியிருக்கிறது. இதற்காகச் சாப்பாட்டை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டும். தொந்தரவே தராமல் இருப்பதுதான் இந்த நோயின் மிக மோசமான குணம். 30 முதல் 79 வயது வரை உள்ளவர்களில் உலகம் முழுவதும் சுமார் 128 கோடிப் பேருக்கு உயர் இரத்த அழுத்தம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது.

இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தத்தை உடல் முழுவதற்கும் தள்ளுகிறது. எதிரே அழுத்தம் கூடக்கூட அது மேலும் விசையோடு தள்ள வேண்டியிருக்கிறது. பாரம் தூக்குகிறவரின் கைத்தசை திரள்வது போல அந்த அறையின் சுவரும் தடிக்கிறது. கையில் அது வலிமை. இதயத்தில் அது விறைப்பு. விறைத்துப்போன அறையால் நன்றாகத் தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ள முடிவதில்லை. பல ஆண்டுகள் கழித்து மூச்சிரைப்பும் கால் வீக்கமுமாக அது வெளியே தெரியும்போது இதயச் செயலிழப்பு தொடங்கியிருக்கலாம். இதே அழுத்தம் இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களின் உட்சுவரையும் புண்படுத்துகிறது. புண்பட்ட இடத்தில் கொழுப்பு எளிதாகப் படிகிறது. அந்தப் படிவு வெடித்து அடைத்துக்கொண்டால் மாரடைப்பு.

140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயர் இரத்த அழுத்தம் என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் வரையறை. அமெரிக்க இதயநோய் அமைப்புகள் 2017இல் அந்தக் கோட்டை 130/80க்கு இறக்கின. இவை மில்லிமீட்டர் பாதரச அளவில் சொல்லப்படும் எண்கள். மேல் எண்ணை, அதாவது முதலில் சொல்லப்படும் எண்ணை, மருந்தால் 10 குறைத்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரியவந்திருக்கிறது. இந்த 10 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உணவு எவ்வளவு செய்யும் என்று பார்க்கும்போது அது உதவும்.

உப்பு எப்படி அழுத்தத்தைக் கூட்டுகிறது?

உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்ளும். அதிகமாகச் சாப்பிட்ட உப்பைச் சிறுநீரகம் வெளியேற்றி முடிக்கும் வரை உடலில் நீர் கூடுகிறது, நாளங்களில் ஓடும் இரத்தத்தின் அளவும் கூடுகிறது. நாளடைவில் நாளங்களின் சுவரும் இளகும் தன்மையை இழந்து இறுகுகிறது.

ஒரே அளவு உப்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. வயதானவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், ஏற்கெனவே அழுத்தம் கூடியவர்கள் ஆகியோருக்கு உப்பால் அழுத்தம் அதிகமாக ஏறுகிறது. “அவர் அள்ளிப் போட்டுச் சாப்பிடுகிறார், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையே” என்று பிறரைக் காட்டிச் சொல்வதில் பொருள் இல்லை. அவருடைய சிறுநீரகம் வேறு, உங்களுடையது வேறு.

ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு?

பெரியவர்களுக்கு 5 கிராமுக்குக் குறைவாக என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. உலக சராசரி இதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், கிட்டத்தட்ட 11 கிராம்.

இந்த 5 கிராம் என்பது கையால் போடும் உப்பு மட்டும் அன்று. காலை முதல் இரவு வரை எந்த வடிவில் உள்ளே போனாலும் அத்தனையும் இந்தக் கணக்கில் அடக்கம். பலர் தடுமாறுவது இங்கேதான்.

சமையலில் உப்பைப் பாதியாக்கிவிட்டேன். ஆனாலும் எண் இறங்கவில்லையே?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களின் குரலில் ஒரு சோர்வு இருக்கும். சுவையைத் தியாகம் செய்தும் பலன் இல்லையே என்ற சோர்வு. நியாயமான சோர்வுதான். ஆனால் காரணம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

கடையில் வாங்கும் ரொட்டி, பிஸ்கட், பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, உடனடி நூடுல்ஸ், சூப் பொடி, சாஸ், சிப்ஸ், உப்பில் ஊறவைத்த காய்கள், உப்புக் கண்டமாக்கிய மீன். இவற்றில் ரொட்டியும் பிஸ்கட்டும் உப்புக் கரிப்பதில்லை. அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை. ஆனால் ஒரு நாளில் பலமுறை சாப்பிடுவதால் சேர்ந்துவிடுகிறது. சமையல் சோடாவிலும் மோனோசோடியம் குளூட்டமேட் என்ற சுவையூட்டும் உப்பிலும் சோடியம் உண்டு. தண்ணீரில் போட்டதும் நுரைத்துக் கரையும் வலி மாத்திரைகளில் சில, ஒரு மாத்திரைக்கே கணிசமான சோடியம் கொண்டவை. நாள்தோறும் அவற்றைப் போடுகிறவர் சமையலறையில் மிச்சம் பிடித்ததை அங்கே இழந்துவிடுவார்.

உறையில் இருக்கும் விவரப் பட்டியலைப் படிக்கப் பழகுங்கள். பெரும்பாலும் ‘சோடியம்’ என்று மில்லிகிராமில் இருக்கும். அதை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. 800 மில்லிகிராம் சோடியம் என்றால் 2 கிராம் உப்பு, அதாவது நாள் அளவில் ஏறக்குறைய பாதி. அந்தக் கணக்கு முழுப் பொட்டலத்துக்கா, 100 கிராமுக்கா, ‘ஒரு பரிமாறலுக்கா’ என்பதையும் பாருங்கள். நீங்கள் சாப்பிடுவது மூன்று பரிமாறலாக இருக்கலாம். 100 கிராமில் 1.5 கிராமுக்கு மேல் உப்பு இருந்தால் அதை மிகையான உப்பு என்று பிரிட்டனில் வகைப்படுத்துகிறார்கள். எங்கே வாங்கினாலும் பயன்படும் எளிய அளவுகோல் அது.

உப்பு அல்லாத காரணமும் இருக்கலாம். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைத் தொடர்ந்து எடுப்பது அழுத்தத்தை ஏற்றும். சில இரத்த அழுத்த மருந்துகளின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படியே. நீங்கள் போடும் எல்லா மருந்துகளையும், நீங்களாகக் கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். குறட்டை, பகல் தூக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோய் அழுத்தத்தை இறங்கவிடாது.

இந்துப்பு, கடல் உப்பு, இளஞ்சிவப்பு உப்பு நல்லவையா?

அவையும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். மற்ற தாதுக்கள் மிகச் சிறிய அளவில் இருக்கின்றன. அழுத்தத்தைப் பொறுத்தவரை வித்தியாசம் இல்லை. பலவற்றில் அயோடின் சேர்க்கப்படுவதும் இல்லை.

பொட்டாசியம் கலந்த குறைசோடிய உப்பைப் பயன்படுத்தலாமா?

சிலருக்கு மிக நல்லது, சிலருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் இந்தப் பதிலைப் பாதியில் நிறுத்திவிடாமல் படியுங்கள்.

சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு 2021இல் வெளியானது. முன்பே பக்கவாதம் வந்தவர்களும், 60 வயதைக் கடந்து அழுத்தம் கூடியவர்களும் அதில் இருந்தார்கள். பாதிக் கிராமங்களில் வழக்கமான உப்பு. மறுபாதியில் நான்கில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு. சுமார் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மாற்று உப்புச் சாப்பிட்டவர்களிடம் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. இறப்பும் குறைந்திருந்தது. ஒரு பாத்திரத்தில் இருக்கும் உப்பை மாற்றியதற்கே இவ்வளவு. இந்த முடிவு எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவர்களால் பொட்டாசியத்தைச் சரியாக வெளியேற்ற முடியாது. இரத்தத்தில் அது அளவுக்கு மீறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடக்கூடும். எனலாபிரில், ராமிபிரில் போன்ற ‘பிரில்’ மாத்திரைகள், லோசார்டான், டெல்மிசார்டான் போன்ற ‘சார்டான்’ மாத்திரைகள், ஸ்பைரோனோலாக்டோன் ஆகியவை பொட்டாசியத்தை உடலில் தக்கவைக்கும். இவற்றில் ஒன்றைப் போடுகிறவரோ சிறுநீரகக் கோளாறு உள்ளவரோ மருத்துவரைக் கேட்காமல், இரத்தப் பரிசோதனை செய்யாமல் அந்த உப்பைத் தொட வேண்டாம். வீட்டில் ஒருவருக்காக வாங்கி எல்லோருக்கும் சமைக்கும்போது, அந்த ‘எல்லோரில்’ இப்படி ஒருவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

உப்பைக் குறைத்தால் மட்டும் போதுமா?

போதாது. நான் இந்தக் கேள்வி–பதிலை எழுத முதற்காரணமே இந்தக் கேள்விதான்.

1997இல் அமெரிக்காவில் ‘டேஷ்’ என்ற ஆய்வின் முடிவு வெளியானது. 459 பேருக்கு ஆய்வாளர்களே சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான அமெரிக்க உணவு. இன்னொன்றுக்கு அதிலேயே பழமும் காயும் கூடுதல். மூன்றாவது குழுவுக்குப் பழம், காய், கொழுப்புக் குறைந்த பால்பொருட்கள், முழுத்தானியம், பருப்பு, கொட்டைகள் நிறைந்த உணவு. சிவப்பு இறைச்சியும் இனிப்பும் குறைவு. உப்பின் அளவு மூன்று குழுவுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உடல் எடையும் மாறாமல் பார்த்துக்கொண்டார்கள். எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், மூன்றாவது குழுவில் உயர் அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் எண், வழக்கமான உணவு சாப்பிட்டவர்களைவிட 11.4 கூடுதலாக இறங்கியிருந்தது. முன்பு சொன்ன 10ஐ நினைத்துப் பாருங்கள். இது ஒரு மாத்திரை செய்யும் வேலைக்கு இணை. உப்பைக் குறைக்காமலே நடந்தது. பெரும்பகுதி மாற்றம் முதல் இரண்டு வாரங்களுக்குள்ளேயே தெரிந்தது.

2001இல் அதே உணவோடு உப்பையும் படிப்படியாகக் குறைத்துப் பார்த்தார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் அழுத்தம் எல்லாவற்றையும்விடக் கீழே வந்தது.

ஏன் இப்படி? பழம், காய், பருப்பு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியம், சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றத் துணைசெய்கிறது, நாளங்களையும் தளர்த்துகிறது. பெரியவர்களுக்கு நாள்தோறும் குறைந்தது 3,510 மில்லிகிராம் பொட்டாசியம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடுத்தர அளவு வாழைப்பழம் ஒன்றில் சுமார் 400 கிடைக்கும். ஆகவே ஒரு பழத்தோடு கணக்குத் தீராது. ஒவ்வொரு வேளையிலும் தட்டின் பாதியைக் காயும் கீரையும் பிடித்துக்கொள்ள வேண்டும். பால்பொருட்களின் கால்சியம், கொட்டைகளின் மக்னீசியம், நார்ச்சத்து எல்லாம் சேர்ந்தே வேலை செய்கின்றன. தனித்தனி மாத்திரையாக விழுங்கினால் அந்தப் பலன் கிடைப்பதில்லை.

“இதைத் தின்னாதே, அதைத் தொடாதே” என்று மட்டும் கேட்டுக் கேட்டு மனம் வெறுத்துப்போனவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: இந்த வாரம் எதையும் விலக்க வேண்டாம், ஒவ்வொரு வேளையும் ஒரு காயோ பழமோ கூட்டுங்கள். கூட்டுவது எளிது. கூட்டியதற்கு வயிற்றில் இடம் வேண்டும் என்பதால் வேறு ஏதோ ஒன்று தானாகக் குறைகிறது. பொட்டாசியத்தைப் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை சிறுநீரக நோயாளிகளுக்கு இங்கேயும் பொருந்தும்.

கொழுப்பு அழுத்தத்தைக் கூட்டுமா? எண்ணெயே வேண்டாமா?

அழுத்தத்தில் கொழுப்பின் பங்கு சிறிது. ஆனால் இதயத்தில் அதன் பங்கு பெரிது. புண்பட்ட நாளத்தில் போய்ப் படிவது கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். கொலஸ்ட்ரால்தான். அழுத்தமும் அதுவும் சேர்ந்தால் ஒன்று வழி செய்துகொடுக்க, மற்றது குடியேறுகிறது.

எண்ணெயை முழுக்க விலக்கத் தேவையில்லை. வெண்ணெய், கொழுப்புள்ள இறைச்சி, பாமாயில் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்பைக் குறைத்து, அந்த இடத்தில் ஆலிவ், சூரியகாந்தி, கடலை எண்ணெய் வகைகளையும் கொட்டைகளையும் மீனையும் வையுங்கள். ஓரளவு ஹைட்ரஜன் ஏற்றிய கொழுப்பில் செய்த தின்பண்டங்களை அடியோடு விடுங்கள். அவற்றின் டிரான்ஸ் கொழுப்புக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை.

உடல் எடை, சர்க்கரை?

எடை கூடியவர்களுக்குக் குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் மேல் எண் ஏறக்குறைய 1 இறங்குகிறது. ஐந்து கிலோ குறைந்தாலே பலன் கண்ணில் தெரியும். சர்க்கரை கலந்த பானங்களை நிறுத்துவது அதற்கு மிக எளிய தொடக்கம்.

காபி, தேநீர், மது?

காபி குடித்ததும் அழுத்தம் சிறிது நேரம் ஏறும். நாள்தோறும் குடித்துப் பழகியவர்களிடம் அந்த ஏற்றம் குறைவு. அளவான காபி, தேநீரை நிறுத்தச் சொல்ல வலுவான காரணம் இல்லை. அழுத்தம் மிகக் கடுமையாக உயர்ந்திருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மது அப்படி இல்லை. குடிக்கும் அளவு கூடக்கூட அழுத்தமும் கூடுகிறது, குறைத்தால் இறங்குகிறது. “கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது” என்று நம்பிக் குடிக்கத் தொடங்காதீர்கள். தொடர்ந்து அதிகம் குடிப்பது இதயத் தசையையே நேரடியாகக் கெடுக்கும். நெடுங்காலம் மிக அதிகமாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் உடல் நடுக்கம், வலிப்பு வரக்கூடும். அவர் மருத்துவ உதவியோடு நிறுத்த வேண்டும்.

பூண்டு, பீட்ரூட் சாறு போன்றவை அழுத்தத்தைக் குறைக்குமா?

பீட்ரூட்டில் நைட்ரேட் நிறைய. வாயில் உள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்ற, உடலில் அது நைட்ரிக் ஆக்சைடாகி நாளங்களைத் தளர்த்துகிறது. கீரைகளிலும் இதே பொருள் உண்டு. பூண்டுக்கும் சிறிய பலன் உண்டு. உணவில் சேருங்கள், மகிழ்ச்சிதான். மருந்துக்குப் பதிலாக வைக்காதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் பூண்டு மாத்திரைகளைக் கேட்காமல் தொடக்கூடாது.

இரண்டு பொருட்களைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அதிமதுரத்தில் உள்ள கிளிசிரைசின், உடலில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை வெளியேற்றி, அழுத்தத்தை ஏற்றிவிடும். இருமலுக்கும் தொண்டைக்கும் இதமானது என்று மாதக்கணக்கில் சாப்பிட்டு, காரணம் தெரியாமல் அழுத்தம் ஏறித் தவிப்பவர்கள் உண்டு. அடுத்தது கிரேப்ஃப்ரூட் பழம். ஃபெலோடிபின், நிஃபெடிபின் போன்ற இரத்த அழுத்த மருந்துகளை உடல் சிதைப்பதை அது தடுப்பதால், இரத்தத்தில் மருந்தின் அளவு கூடி அழுத்தம் தேவைக்கு மேல் விழலாம். கொலஸ்ட்ராலுக்கான சில ஸ்டேட்டின் மாத்திரைகளோடும் அது ஒத்துப்போகாது.

உணவை மாற்றியதில் எண் இறங்கிவிட்டது. மாத்திரையை நிறுத்தலாமா?

என் தந்தையும் இதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஆறு மாதம் கட்டுப்பாடாகச் சாப்பிட்டு எடை குறைத்து, மேல் எண் 124க்கு வந்த மகிழ்ச்சியில் மாத்திரையை அவராகவே நிறுத்திவிட்டார். எங்கள் யாரிடமும் சொல்லவில்லை. உடலும் ஒன்றும் சொல்லவில்லை. ஏழாவது வாரம் தற்செயலாக அளந்தபோது 170ஐத் தாண்டியிருந்தது. அன்று எங்களுக்கு நல்ல நாள், அவ்வளவுதான். அளந்திருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இப்போதும் நெஞ்சு பதறுகிறது.

அந்த 124 உணவும் மாத்திரையும் சேர்ந்து தந்த எண். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது தனியாகத் தாங்குமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். உணவால் மாத்திரையின் அளவு குறைந்தவர்கள் இருக்கிறார்கள். முழுதும் நிறுத்தியவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர் சொல்லி, படிப்படியாக, அடிக்கடி அளந்து பார்த்துச் செய்தவர்கள் அவர்கள். அட்டெனொலால் போன்ற பீட்டா தடுப்பு மருந்துகளையும் குளோனிடினையும் திடீரென நிறுத்தினால் அழுத்தமும் துடிப்பும் முன்பைவிட வேகமாக எகிறக்கூடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உணவு நன்றாக வேலை செய்து, பழைய அளவு மாத்திரையும் தொடரும்போது, எழுந்து நிற்கையில் தலைசுற்றலாம். அப்போது உப்பைக் கூட்டிச் சரிசெய்யாமல் மருத்துவரிடம் போய் மாத்திரையின் அளவைப் பாருங்கள்.

பலன் தெரிகிறதா என்று எப்படி அளப்பது?

அளப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து காபி, புகை, உடற்பயிற்சி வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் பதித்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். கையில் சுற்றும் பட்டை இதய மட்டத்தில், சட்டைக்கு மேல் இல்லாமல், கையின் மீதே இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். ஒரு நாள் எண்ணைக் கண்டு அஞ்சவோ குதிக்கவோ வேண்டாம். ஒரு வாரத்தின் சராசரியே பேசும்.

வீட்டில் ஒருவருக்குத்தான் அழுத்தம். தனியாகச் சமைக்க வேண்டுமா?

வேண்டாம். தனித் தட்டு என்பது ஒருவரை நோயாளியாக ஒதுக்கி உட்கார வைப்பது. அவர் நெடுநாள் தாங்கமாட்டார். 5 கிராம் என்பது எல்லாப் பெரியவர்களுக்கும் சொன்ன அளவு. குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. வாரத்துக்கு ஒரு சிட்டிகை என்று மெல்லக் குறைத்தால் நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். பிறகு பழைய உப்பு கரிக்கும். எலுமிச்சை, மிளகு, பூண்டு, இஞ்சி, வாசனை இலைகள் அந்த இடைவெளியை நிரப்பும். உப்பை அடுப்பிலிருந்து இறக்கும் நேரத்தில் போட்டால் குறைந்த அளவே நாக்கில் தெரியும்.

மெலிந்துபோன முதியவர்களிடம் மட்டும் கொஞ்சம் கருணை வேண்டும். சப்பென்று இருக்கிறது என்று அவர்கள் சாப்பாட்டையே குறைத்துவிட்டால், உப்பால் வரும் கேட்டைவிட அது பெரிய கேடு. சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுக்கும் முதியவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் அளவுக்கு மீறிக் குறைந்து குழப்பமும் மயக்கமும் வரலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அளவே தனியாக வரையறுக்கப்பட்டிருக்கும். இவர்களெல்லாம் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத்தான் பின்பற்ற வேண்டும். இங்கே உள்ள பொது அளவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நெஞ்சில் வலி அல்லது அழுத்துவது போன்ற உணர்வு, மூச்சுத் திணறல், முகம் ஒருபக்கம் கோணுவது, ஒரு கை அல்லது கால் தளர்வது, பேச்சுக் குழறுவது, திடீரெனப் பார்வை மங்குவது. இவற்றில் ஏதேனும் ஒன்று வந்தால் கருவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே அவசர உதவியை அழையுங்கள். இந்த அறிகுறிகள் எதுவும் இல்லாமல் 180/120ஐத் தாண்டிய எண் தெரிந்தால், சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாகக் கூடுதல் மாத்திரை போட்டுக்கொள்ள வேண்டாம்.